ராசாவுக்கே அவரைதான் கிடைச்சுது

வா கண்ணு, உக்காரு. அந்த லேப்டாப்பை மடியில வெச்சுத் தொடையைச் சுட்டுக்காதே, கீழ வை. நேத்து நீ கேட்டுட்டுப் போன கேள்வியால எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்ல. கவலைன்னு நினைச்சியா? சிரிப்பு. உங்க பாட்டி எழுந்து உக்காந்து, "எழுபத்தெட்டு வயசுல இருட்டுல தனியாச் சிரிச்சா ஊரு என்ன சொல்லும்"னு வைதா.

என்ன கேட்டே? "தாத்தா, கொள்ளுத்தாத்தாவோட மசில்லோடர் துப்பாக்கிக்கு எந்த ஸ்கோப்பு நல்லது? மான் வேட்டைக்கு எது தோதுப்படும்?" வொயிட்ஃபீல்டுல பன்னெண்டாம் மாடி. கீழ போய்க் கருவேப்பிலை வாங்கிட்டு வாடான்னா, அதுக்கும் ஆளைப் போன்ல கூப்பிடுற. உனக்கு மான் வேட்டை! கூரையேறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம்.

துப்பாக்கி எங்க இருக்குதுன்னு அப்புறம் சொல்றேன். பறக்காதே. முதல்ல நீ குடியிருக்கற ஊரோட கதையைக் கேளு.

வீர பல்லாளன்னு ஒரு ஒய்சள ராசா. இந்தப் பக்கம் வேட்டைக்கு வந்தானாம். வழி தப்பிடுச்சு. பொழுது சாஞ்சுது, பசி காதை அடைக்குது. ஒரு குடிசையில ஒரு கிழவி. அவ வேகவெச்ச அவரையை ராசா கையில கொடுத்தாளாம். அதனால வெந்த காளு ஊரு, அதாவது வெந்த பயறு ஊரு, 'பெந்தகாளூரு', பெங்களூருன்னு ஆச்சாம். கதை பொய்னு படிச்சவங்க சொல்றாங்க. பேகூர்ல ஒரு வீரக்கல் இருக்குது. ஏறத்தாழ 890ஆம் வருஷத்துக் கல்லு. அதுலயே பெங்களூருன்னு பேரு வெட்டியிருக்குது. பல்லாளன் வர்றதுக்குக் கிட்டத்தட்ட முன்னூறு வருஷம் முந்தியே ஊருக்குப் பேரு இருந்திருக்குது. சரி, கதை பொய்யாவே இருக்கட்டும். அதுக்குள்ள இருக்கற புத்தி பொய்யா? குதிரை, படை, வேட்டை நாய் எல்லாம் வெச்சிருந்த ராசாவுக்கே கடைசியில கிடைச்சது அவரை. உன்கிட்ட என்ன இருக்குது? எக்செல் ஷீட்டு இருக்குது.

அந்த ஷீட்டையும் பார்த்தேன். பன்னெண்டு ஸ்கோப்பு, பதினாலு கட்டம், பச்சை மஞ்சள் சிவப்புன்னு கோலம். ஒரு கட்டத்துல '3-9x40'ன்னு எழுதியிருந்தே. மூணுல இருந்து ஒன்பது ராகுகாலமாக்கும்னு நினைச்சேன். அப்புறம் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாத்தான் தெரியுது. மூணு மடங்குல இருந்து ஒன்பது மடங்கு வரைக்கும் பெரிசாக் காட்டுமாம், முன்கண்ணாடி 40 மில்லிமீட்டராம்.

கிழவனுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுதுன்னு நினைக்காதே. முப்பது வருஷம் சர்வே வேலை பார்த்தவன் நானு. தியோடலைட்டைத் தோள்ல தூக்கிக்கிட்டு மலை மலையா ஏறியிருக்கேன். நம்ம நாட்டையே அளக்க ஆரம்பிச்ச லாம்டன் துரை 1800ல முதல் அடிக்கோட்டுக்குச் சங்கிலி பிடிச்சது இதே பெங்களூர்லதான். பழைய தியோடலைட்டுல பார்த்தா மலை, மரம், மனுஷன் எல்லாமே தலைகீழாத்தான் தெரியும். உள்ள இருக்கற குறுக்குக்கோடு, அந்தக் காலத்துல சிலந்தி நூலு. தலைகீழாப் பார்த்தே சம்பளம் வாங்கினவன் நானு. அதனால உன் தலைமுறையைப் புரிஞ்சுக்கறதுல எனக்கு ஒரு சிரமமும் இல்ல.

கண்ணாடிக் கணக்கு ஒண்ணே ஒண்ணு சொல்றேன், வரவுல வெச்சுக்க. நாப்பதை ஒன்பதால வகு. நாலரைக்குக் கொஞ்சம் கம்மி. ஒன்பது மடங்குல வெச்சா, அத்தனை மில்லிமீட்டர் அகலத்து வெளிச்சம்தான் உன் கண்ணுக்கு வரும். மூணுல வெச்சா பதிமூணு. மான் மேய வர்றது விடியல்லயும் அந்தியிலயும். அந்த மசமசப்புல ஒன்பதுக்குத் திருகுனியானா, மானும் மங்கும், உன் கை நடுக்கமும் ஒன்பது மடங்காத் தெரியும், பார்க்கற இடமும் சுருங்கிப்போயிரும். முழு மானைப் பார்க்கப் போனவன் அதோட காது மயிரைப் பார்த்துட்டு வருவே. பெரிசாக் காட்டறதெல்லாம் நல்லாக் காட்டறதுன்னு யாரு சொன்னது?

சரி, ஸ்கோப்பு அப்படி. துப்பாக்கி எப்படி? மசில்லோடர்னா என்னன்னு தெரியுமா, இல்ல பேரு மட்டும்தான் தெரியுமா? வாய்ப்பக்கமாக் கெட்டிக்கற துப்பாக்கி. முதல்ல கரிமருந்து. வெடியுப்பு முக்கால் பங்கு, மிச்சம் கரியும் கந்தகமும். அப்புறம் தேங்காய் நாரு. அப்புறம் ஈயக்குண்டோ, ரவையோ. எல்லாத்தையும் சலாகையால இடிச்சு இறுக்கணும். பின்னால காம்புல கேப்பு மாட்டணும். குதிரையை இழுத்து, விசையை அமுக்கணும். ஒரு வெடி. அவ்வளவுதான். அடுத்த வெடிக்கு மறுபடி முதல்ல இருந்து. அதுக்குள்ள மான் மாதேஸ்வரன் மலைக்கே போய்ச் சாமி கும்பிட்டுட்டு வந்துரும்.

மருந்துல ஈரம் பட்டா வெடிக்காது. வெடிச்சாலோ, கல்யாணச் சமையல்கட்டு மாதிரி வெள்ளைப் புகை. அந்தப் புகைக்குள்ள உன்னோட விலை ஒசந்த ஸ்கோப்பு எதைக் காட்டும்? புகையைத்தான், ஒன்பது மடங்காக் காட்டும். இன்னொண்ணு, சுட்ட அன்னிக்கே குழலை வெந்நீர் விட்டுக் கழுவணும். விட்டா கரி ஈரத்தை இழுத்துக் குழல் துருப்பிடிச்சுப் போகும். ஏண்டா கண்ணு, வெள்ளிக்கிழமை கொண்டுபோன டிபன் டப்பாவைத் திங்கக்கிழமை திறந்து பார்த்து மூக்கைப் பொத்தறவன், குழல் கழுவுவியா?

அப்புறம் உதை. துப்பாக்கி பின்னால உதைக்கும். ஸ்கோப்பைக் கண்ணுக்கு நாலு விரக்கடை தள்ளி வெக்கலைனா, அந்த இரும்பு வளையம் வந்து புருவத்துல நிலாப்பொட்டு வெச்சிரும். 'ஐ ரிலீஃப்'னு ஒரு கட்டம் போட்டிருக்கியே, அது இதுதான். கண்ணுக்கு விடுதலைன்னு நினைச்சியோ என்னவோ.

இத்தனை வம்பு எங்கிருந்து வந்துச்சுன்னு யோசிச்சியா? அமெரிக்காவுல இருந்து வந்துச்சு. அங்க மான் வேட்டைக்குச் சட்டமே வருஷத்துல இத்தனை நாள்னு ஒதுக்கிக் கொடுக்குது. புதுத் துப்பாக்கிக்கு ஒரு பருவம், வில்லுக்கு ஒரு பருவம், பழைய மசில்லோடருக்குத் தனியா ஒரு பருவம். ஏன் தனி? முப்பாட்டன் மாதிரி கஷ்டப்பட்டு, ஒரே வெடியோட, மானுக்குப் பக்கத்துல போய்த் திறமையைக் காட்டறேன்னு சொன்னவங்களுக்காக. நல்ல எண்ணம்தான். ஆனா மனுஷன் சும்மா இருப்பானா? 1985ல டோனி நைட்னு மிசௌரிக்காரர் ஒருத்தர், புது ரைஃபிள் மாதிரியே ஒரு மசில்லோடரைச் செஞ்சு வித்தாரு. அப்புறம் அது மேல ஸ்கோப்பு. அப்புறம் தூரத்துக்குத் தூரம் கோடு போட்ட ஸ்கோப்பு. பழனிக்கு நடந்தே படியேறி வர்றேன்னு வேண்டிக்கிட்டு, அடிவாரத்துக்கு வந்ததும் வின்ச்சுல ஏறி உக்காந்துக்கிட்ட கதை. முருகன் ஒண்ணும் சொல்லமாட்டான். ஆனா 'நடந்து வந்தேன்'னு ஊர்ல போய்ச் சொல்லக்கூடாதுல்ல? கொலராடோ மாநிலத்துக்காரங்க அதைத்தான் சட்டமாவே போட்டுட்டாங்க. மசில்லோடர் பருவத்துல வெறும் இரும்புக் குறிதான், ஸ்கோப்பு கூடாதுன்னு.

அமெரிக்காக்காரன் கேக்கறான், சரி. அவனுக்குப் பருவம் இருக்குது, பர்மிட் இருக்குது, காடு இருக்குது. நீ எதுக்குக் கேக்கற? பக்கத்து வீட்டுல பொங்கல் வெச்சா நம்ம வீட்டுல அடுப்புப் புகையணுமா?

சரி, துப்பாக்கி மரபு இங்கயே இல்லையான்னு கேப்பே. இருக்குது. ராத்திரி பஸ் ஏறினா விடியறதுக்குள்ள குடகு. அங்க கோவி, அதான் துப்பாக்கி, சாமி மாதிரி. செப்டம்பர் மாசம் கைல்போதுப் பண்டிகைக்கு அதுக்குப் பூ வெச்சுப் பொட்டு வெச்சுக் கும்பிடுவாங்க. பையன் பொறந்தா வானத்தைப் பார்த்து ஒரு வெடி. கொடவர்களுக்கும் பரம்பரையா வர்ற ஜம்மா நிலக்காரங்களுக்கும் ஆயுதச் சட்டத்துல லைசென்ஸ் விலக்கு வெள்ளைக்காரன் காலத்துல இருந்து வருது. 2019ல மத்திய அரசு அதை 2029 வரைக்கும் நீட்டிச்சுது. அவங்க குறி பார்க்கறது எதை? தேங்காயை! தூரத்துல ஒரு தேங்காயைக் கட்டி வெச்சு ஊரே கூடிப் போட்டி. வெறுங்கண்ணு, இரும்புக் குறி. பட்டா தேங்காய் உடையும், சட்னிக்கு ஆகும். படலைன்னா சிரிச்சுக்கிட்டே அடுத்தவன்கிட்டக் கோவியைக் கொடுத்துருவாங்க. லைசென்ஸ் விலக்கு இருந்தும் அவங்களுக்கே மானைச் சுட உரிமை கிடையாது. துப்பாக்கி வேற, வேட்டை வேற. உனக்கு ரெண்டும் ஒண்ணுன்னு யாரு சொல்லிக் கொடுத்தது?

இன்னொருத்தர் கதை சொல்றேன். அபினவ் பிந்த்ரா. 2008ல பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ்ல துப்பாக்கி சுட்டுத் தங்கம் வாங்கிட்டு வந்தாரே, அவருதான். பத்து மீட்டர் தூரம். நட்டநடு வட்டம் அரை மில்லிமீட்டர், நீ பேனாவால வைக்கற புள்ளி அளவு. அந்தப் போட்டியில தொலைநோக்கி கூடாது. சின்னத் துளை வழியா மூச்சை அடக்கிப் பார்க்கணும், அவ்வளவுதான். அவருக்கு ஸ்கோப்பு இல்லாமத் தங்கம். ஆடத் தெரியாதவளுக்கோ எப்பவும் கூடம் கோணல்.

சரி, இப்ப நம்ம ஊருக்கு வா. தேன்கனிக்கோட்டை. காலையில கடைத்தெருவுல நின்னா தமிழ்ல விலை கேட்டு, கன்னடத்துல பேரம் பேசி, தெலுங்குல திட்டு வாங்கிட்டு வரலாம். உன் கொள்ளுத்தாத்தா, அதான் எங்கப்பன், ராகிக்காட்டுல பரண் போட்டுக் காவல் கிடந்தாரு. அவருகிட்ட லைசென்ஸோட ஒரு ஒத்தைக்குழல். ஆனைக்கும் பன்னிக்கும் பயம் காட்ட. வெடிக்கறதுல பாதி வெறும் சத்தம்தான், குண்டே இருக்காது. சத்தம் போட்டா போயிரும்னா, எதுக்குக் குண்டைச் செலவு பண்ணணும்னு கேப்பாரு. கஞ்சன். ஆனா புத்திசாலி.

அந்தப் பரண்ல அவரு கூட நானும் உக்காந்திருக்கேன். மானைப் பார்க்க அவரு என்ன வெச்சிருந்தாருன்னு நினைக்கற? ஒரு பிடி சாம்பல். விரல் நுனியால கொஞ்சம் தூவிவிடுவாரு. எந்தப் பக்கம் போகுதோ, அதுதான் காத்து. நம்ம வாடை மானுக்குப் போனா, அன்னிக்கு மான் இல்ல. நீ அடிச்சுக்கற சென்ட்டு வாடைக்கு பன்னேர்கட்டா காட்டுல ஒரு மான் நிக்காது. ஓசூர் வந்து சேரும்போதே காட்டுக்கெல்லாம் சேதி போயிரும். அடுத்தது மரம். மந்தி மேல உக்காந்து தழையைப் பிச்சுப் பிச்சுக் கீழ போடும், அடியில புள்ளிமான் வந்து அதை மேயும். மந்தி கத்துச்சுன்னா மான் தலையைத் தூக்கும். மான் கத்துச்சுன்னா மந்தி உச்சிக்கு ஏறும். மேல ஒருத்தன், கீழ ஒருத்தன், ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் வாட்ச்மேன். இதெல்லாம் எந்த ஸ்கோப்புக்குள்ள தெரியும்? அதுக்குள்ள தெரியறது மானோட தோளு மட்டும்தான்.

கென்னத் ஆண்டர்சன் பேரைக் கேட்டிருப்பே. பெங்களூர்க்காரரு, 1910ல பொறந்து 1974ல போனவரு. எச்.ஏ.எல்.ல வேலை. லீவு கிடைச்சா ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிக் காடுதான். ஆளடிச்சான் புலியையும் சிறுத்தையையும் தேடிப் போவாரு. 1954ல வந்த முதல் புஸ்தகத்துலயே அந்தக் கதையெல்லாம் இருக்குது. அவரு கையில .405 வின்செஸ்டர். ராத்திரிக் காவலுக்குத் துப்பாக்கியில ஒரு டார்ச்சு லைட்டு. புஸ்தகத்தைப் படிச்சுப் பாரு. பக்கம் பக்கமா இருக்கறது காலடித் தடமும், காட்டுச் சத்தமும், காத்திருக்கறதும்தான். வெடிக்கறது ஒரு வரியில முடிஞ்சுரும். நீ அந்த ஒரு வரிக்குத்தான் எக்செல் ஷீட்டு போட்டிருக்க.

அந்தக் காலம் முடிஞ்சுபோச்சு. 1972ல வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்துச்சு. இப்ப மான் வேட்டை கிடையாது. விளையாட்டுக்கும் கிடையாது, கறிக்கும் கிடையாது, போட்டோவுக்கும் கிடையாது. கொன்னாத்தான் குத்தம்னு நினைக்காதே. பிடிக்கறது, கண்ணி வைக்கறது, விஷம் வைக்கறது, அதுக்கு முயற்சி பண்றதுகூட வேட்டைன்னுதான் சட்டம் எழுதியிருக்குது. 1998ல ஜோத்பூர் பக்கம் வெளிமானைச் சுட்டதா ஒரு இந்தி நடிகர் மேல கேசு. இருபது வருஷம் இழுத்துச்சு. 2018ல கோர்ட்டு அஞ்சு வருஷம்னு தீர்ப்பு சொல்லுச்சு, அவரு அப்பீலுக்குப் போனாரு. அவருக்கு வக்கீல் வெக்கக் காசு இருக்குது. உனக்கு என்ன இருக்குது? வீட்டுக்கு இ.எம்.ஐ., காருக்கு இ.எம்.ஐ., இப்ப ஸ்கோப்புக்கு ஒண்ணு. துப்பாக்கிக்கும் 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் வேணும், அது தாத்தா காலத்து மசில்லோடரா இருந்தாலும் சரி. 'பாரம்பரியம் சார்'னு சொன்னா போலீஸ்காரர் காப்பி வாங்கித் தருவாருன்னு நினைச்சியா?

மூஞ்சியைத் தொங்கப்போடாதே. மான் பார்க்கணும், அவ்வளவுதானே உன் ஆசை? பாரு. யாரு வேண்டாம்னா? ஸ்கோப்புக்கு எடுத்து வெச்ச காசுல கால்வாசி போதும். எட்டு-நாப்பத்திரண்டு பைனாகுலர் ஒண்ணு வாங்கு. நாப்பத்திரண்டை எட்டால வகு, அஞ்சே கால். விடியல் வெளிச்சத்துக்குத் தாராளம், கையும் அவ்வளவா ஆடாது. பத்து மடங்கு, பன்னெண்டு மடங்குன்னு கடைக்காரன் சொன்னா சிரிச்சுக்கிட்டே வந்துரு. ஸ்கோப்புல பார்த்தா ஒத்தைக் கண்ணு, குறுக்குக்கோடு, நடுவுல ஒரு உசுரு. பைனாகுலர்ல பார்த்தா ரெண்டு கண்ணு, முழுக் காடு. எதுல பார்க்கறவனுக்கு ராத்திரி நல்லாத் தூக்கம் வரும்னு நீயே சொல்லு.

அப்புறம் விடியக்காலையில பந்திப்பூருக்குப் போ. ராத்திரி ஒன்பதுல இருந்து காலை ஆறு வரைக்கும் காட்டு ரோட்டை மூடிருவாங்க, 2009ல இருந்து அப்படித்தான். ஆறு மணிக்குக் கேட்டைத் திறந்ததும் போனா ரோட்டோரத்துலயே புள்ளிமான் கூட்டமா நிக்கும். உன் காரு சத்தத்துக்குத் தலையைத் தூக்கி உன்னைப் பார்க்கும். அந்தப் பக்கம் பத்தடி, இந்தப் பக்கம் பத்தடி. அதைப் பார்க்கப் பைனாகுலரே வேண்டியிருக்காது, ஸ்கோப்பு எதுக்கு? வண்டியை விட்டு மட்டும் இறங்காதே. சில்க் போர்டு சிக்னல்ல ஒன்றரை மணி நேரம் முன்னால நிக்கற பஸ்ஸோட பின்பக்கத்தையே பார்த்துப் பழகினவன் நீ. அந்தப் பொறுமையில பாதியைக் காட்டுக்கு எடுத்துட்டுப் போ. அதுக்கு மேல எந்தக் கருவியும் தேவையில்ல.

இப்பத் துப்பாக்கி எங்கன்னு கேளு. கேக்க மாட்டியே, முகம் அப்படியே கேக்குதே! அது இல்ல கண்ணு. எங்கப்பன் கண்ணை மூடின மாசமே லைசென்ஸும் செத்துப்போச்சு. நான்தான் துணியில சுத்தி ஸ்டேஷன்ல கொண்டுபோய்க் கொடுத்து, கையெழுத்துப் போட்டு, ரசீது வாங்கிட்டு வந்தேன். ரசீது டிரங்குப் பெட்டியில இருக்குது. நேத்து ராத்திரி நான் சிரிச்சது அதுக்குத்தான். குழலே இல்லாத துப்பாக்கிக்குப் பன்னெண்டு ஸ்கோப்பு பார்த்திருக்கியே!

சலாகையை மட்டும் கொடுக்க மறந்துபோனேன், வீட்டுலயே தங்கிடுச்சு. பால்கனியில கொடிக்கம்பி எட்டலைன்னு பாட்டி ஒரு குச்சியால தூக்கித் துணி போடறாளே, பார்த்திருக்கியா? அதுதான் அது. நாப்பது வருஷமா தினமும் வேலை பார்க்குது. நீ வாங்கப் போற கண்ணாடிக்கு அந்தக் குச்சிக்கு இருக்கற வேலையாவது இருக்குதான்னு பாரு. இருந்தா காசைக் கட்டு. இல்லைன்னா எழுந்து போய் அந்தச் சலாகையை எடுத்துக் கொடு. பாட்டி துணி துவைச்சு வெச்சு அரை மணி ஆச்சு.